விரைவும் வினையும்



கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றும் மரபு நம்முடையது. பருகும் நீரைத் துணியில் வடிகட்டுகிறோம். மண்ணுக்குள் விளையும் கிழங்கு வகைகளை விலக்குகிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. தரையைக் கூட்டும்போதும் எறும்பு ஊரும் இடம் பார்த்துத் துடைப்பத்தை மெல்ல வைக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத ஓரறிவுயிருக்கும் இரங்கும் இந்த நுண்ணிய பயிற்சி, வாகனத்தின் கதவைச் சாத்தியவுடன் நம்மைவிட்டு நீங்கிவிடுகிறதோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. அந்த ஐயத்தையே இங்குப் பொருளாகக் கொள்கிறேன்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, உயிருக்கு நேரும் ஊற்றினை மட்டும் கூறி அமையவில்லை. அவ்வூறு பிரமாதத்தால் விளைவது என்பதையும் சேர்த்தே கூறினார். பிரமாதமாவது விழிப்பின்மை, கஷாயத்தின் வயப்பட்டு, செய்வது இன்னதென்று கருதாமல் செய்தல். இன்றைய பேச்சு வழக்கில் இச்சொல் தலைகீழாகப் பொருள் மாறிவிட்டது. மகன் வாகனத்தை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால், 'பிரமாதமாக ஓட்டினாய்' என்று பாராட்டுகிறோம். சாத்திரப் பொருளிலும் அது பிரமாதமே என்பதை நாம் நினைப்பதில்லை.

இல்லறத்தார்க்கு வாகனம் வேண்டாம் என்று சொல்ல நான் முற்படவில்லை. கால்நடையாகவே செல்லுதல் முனிவரின் மகாவிரதத்தைச் சார்ந்தது. ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்த நம் ஆசாரியர்கள், கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விடவேண்டும் என்றும், ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும் என்றும் விதித்தனர். அலுவலகம் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், நோயுற்றவரை மருத்துவமனை சேர்க்கவும், பொன்னூர்மலையையும் திருமலையையும் தரிசிக்கவும் வாகனம் வேண்டியிருக்கிறது. அவ்வளவும் தேவையின்பாற்பட்டவை. தேவைக்கு மேல் நிகழும் ஊறே இங்கு நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அதற்கு நம் நூல்களில் தனிப்பெயரே உண்டு. குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். அனர்த்தம் பயனின்மை, தண்டம் ஊறு. ஒரு பயனும் கருதாது பிற உயிர்க்குச் செய்யும் ஊற்றினின்று விலகுதலே அவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அனர்த்ததண்டத்தை ஐந்தாக விரித்து, அவற்றுள் ஒன்றைப் பிரமாதசரியை என்றார். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வீணே கிளறுதல், செடிகொடிகளைக் காரணமின்றி வெட்டுதல், வீணே அலைதல், பிறரை அலையச் செய்தல் ஆகியன அதன்பாற்படும். மோட்டார் வாகனம் என்பதையே அறியாத காலத்தில் எழுந்த நூல் அது. ஆயினும் தீயையும் காற்றையும் அலைச்சலையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பதைக் காணும்போது, இன்றைய நெடுஞ்சாலைக்கென்றே உரைத்தது போல் தோன்றுகிறது.

எஞ்சினுள் நிகழ்வது என்ன?

பெட்ரோல் எஞ்சின் என்பது மூடிய அறைக்குள் நொடிக்குப் பலமுறை மூட்டி அணைக்கும் அடுப்பு. பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிந்து கரியமிலவாயுவாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. ஆனால் அது எரிந்து வெளிப்படும் கரியமிலவாயுவின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ. முக்கால் கிலோ எவ்வாறு 2.3 கிலோ ஆயிற்று என்று மாணவர்கள் வியந்து கேட்பதுண்டு. எஞ்சியது காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட பிராணவாயுவின் எடை. அந்த வாயுவை ஓரிடத்தில் அடைத்து வைக்க முடியுமானால், ஆயிரம் லிட்டர் கொள்ளும் மாடித் தொட்டி நிரம்பி வழியும். டீசலாயின் லிட்டருக்கு 2.6 கிலோவுக்கும் சற்று மேல். தேயுகாயிக, வாயுகாயிக உயிர்களைப் பற்றிப் பாடம் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு லிட்டர் என்பது எவ்வளவு தீ, எவ்வளவு காற்று என்பது விளங்காமற்போகாது.

இவ்வாறு எரித்துப் பெறும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்கே சக்கரத்தைச் சென்றடைகிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாகக் கழிந்துவிடும். சக்கரத்தை அடைந்த அந்தக் கால்பங்கையும் எவ்வாறு செலவிடுகிறோம் என்பது ஓட்டுபவரின் காலடியில் இருக்கிறது.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்குத் தேவைப்படும் இயக்க ஆற்றலைப் பெற ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் பெட்ரோல் எரியவேண்டும் என்று கணக்கிடலாம். நான்கு தேக்கரண்டி அளவு. நூறு அடி தொலைவில் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டும் விரைந்து சென்று பிரேக்கை அழுத்தி நிற்பாராயின், அந்த நான்கு தேக்கரண்டியும் பிரேக்கின் வெப்பமாகி ஒழியும். விளக்கு மாறியவுடன் மீண்டும் நான்கு தேக்கரண்டி. வேகம் பாதியாக 30 ஆயின் அந்த ஆற்றல் கால்பங்காகக் குறையும். ஏனெனில் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. முன்னரே காலை எடுத்து, மெல்ல உருண்டு, விளக்கு மாறும்போது அந்த உருட்டத்திலேயே தொடர்ந்து செல்பவர் அந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கிறார்.

நெடுஞ்சாலையில் காற்றின் தடை பெரிதாகிறது. அதுவும் வேகத்தின் இருமடியாக ஏறுவதே. 80-ஐ 80-ஆல் பெருக்கினால் 6,400. 100-ஐ 100-ஆல் பெருக்கினால் 10,000. ஆகவே 80 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள காற்றுத்தடை, 100 கிலோமீட்டரில் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது அமெரிக்க நாடு 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர் எனக் கட்டுப்படுத்தியது இக்காரணம் பற்றியே.

திடீரென விரைதல், திடீரென நிறுத்தல், மிகுவேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு லிட்டரில் செல்லும் தூரம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையிலும், நின்று நின்று செல்லும் நகர நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரையிலும் குறையக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. ஒரே வாகனம், ஒரே வழி, ஒரே சுமை, இருவர் ஓட்டுகின்றனர். இருவரும் போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றே. அவ்விருவரின் செலவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டிற்கு யாதொரு பயனும் இல்லை. அந்த வேறுபாடே அனர்த்ததண்டம். அதனை லிட்டரால் அளக்கலாம் என்பது நம் காலத்திற்குக் கிடைத்த ஒரு வசதி.

புகை யாரைச் சேர்கிறது?

கரியமிலவாயு வானில் கலந்து உலகுக்குப் பொதுவாகிறது. வேறு சில நச்சுகள் அருகிலிருப்போரையே முதலில் தாக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தும்போது பல பெட்ரோல் எஞ்சின்களில் காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் உட்செல்கிறது. முழுதும் எரியாத அப்புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுகிறது. புகைக்குழாயில் நச்சினை மாற்றும் கருவி பொருத்தியிருப்பினும், அது நன்கு சூடேறிய பின்னரே முழுமையாகச் செயற்படும். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கத்திலேயே விரட்டினால் அதனால் பயன் குறைவு. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பிரேக்கும் டயரும் தேய்ந்து நுண்துகள் பறக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நம் நாடெங்கும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்து, எரிபொருளின் கந்தக அளவும் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. வாகனத்தைச் சட்டம் திருத்தியது. ஓட்டுபவரின் காலைச் சட்டம் திருத்த இயலாது.

சந்திப்பில் நின்று பூ விற்கும் பெண்மணியையும், நாள் முழுதும் அங்கேயே நிற்கும் போக்குவரத்துக் காவலரையும், தாயின் இடுப்பில் அமர்ந்து சாலையைக் கடக்கும் குழந்தையையும் எண்ணிப் பாருங்கள். நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ந்த காற்றில் அமர்ந்திருக்கிறோம். அவர்கள் மூச்சை நிறுத்திவைக்க இயலாது. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்கள் அவர்கள்.

நான்கு பொறியுடைய உயிர்களையும் மறக்கலாகாது. மாலை மயங்கும் நேரத்தில், சிறப்பாக மழைக்குப் பின், பறக்கும் பூச்சிகள் விளக்கொளியை நாடி வருகின்றன. மெல்லச் செல்லும் வண்டியின் முன் அவற்றுள் சில காற்றோடு விலகிப் போதல் கூடும். விரையும் வண்டியின் கண்ணாடியில் அவை என்னவாகின்றன என்பதை மறுநாள் காலையில் துணிகொண்டு துடைப்பவர் அறிவார்.

ஊற்று எங்கே?

வினை வந்து சேரும் வாயிலை ஊற்று என்கிறோம். வேகத்திற்கும் ஓர் ஊற்று உண்டு. பின்னால் வந்தவன் நம்மை முந்திவிட்டான் என்று பொறாது ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது குரோதம். 'சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டேன்' என்று உறவினர் நடுவே சொல்லிக்கொள்வது மானம். கேமரா உள்ள இடத்தில் மட்டும் அடங்கிச் சென்று, கடந்தவுடன் பாய்வது மாயை. முன்னே தெரியும் சிறு இடைவெளியும் எனக்கே வேண்டும் என்று வண்டியை நுழைப்பது லோபம். நான்கு கஷாயங்களும் மனத்தில் தோன்றி, காலில் இறங்கி, புகைக்குழாயின் வழியே வெளிப்படுகின்றன. ஒரு மனிதரின் உள்ளத்தைப் பிறர் காணமுடியாது என்பர். அவர் வாகனம் ஓட்டும்போது அருகில் அமர்ந்தால் காணலாம்.

வாகனம் ஓட்டத் தெரியாத எனக்கும் என் வயதொத்தவர்க்கும் இதில் பங்கில்லை என்று ஒதுங்கவும் வழியில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றாலும் வினை கட்டுகிறது. பின் இருக்கையில் அமர்ந்து 'கொஞ்சம் வேகமாகப் போப்பா' என்று ஆட்டோ ஓட்டுநரைத் தூண்டுவது செய்வித்தல். பிள்ளைகள் விரைந்து வந்ததைக் கேட்டு மகிழ்வது உடன்படுதல். வீட்டுப் பெரியவர்கள் 'எத்தனை மணி நேரத்தில் வந்தாய்?' என்று கேட்பதை விட்டு, 'அமைதியாக வந்தாயா?' என்று கேட்கத் தொடங்கினால், பல இளைஞரின் கால் தானே மென்மையாகும்.

இரவுண்ணாமையும் வேகமும்

இவ்விடத்தில், நம் குடும்பங்களுக்கே உரிய ஓர் இக்கட்டினைச் சொல்லவேண்டும். மேல்சித்தாமூரில் தேர்த்திருவிழாவைத் தரிசித்த ஒரு குடும்பம் சென்னைக்குத் திரும்புவதாகக் கொள்வோம். உறவினரோடு அளவளாவியதில் புறப்பட நேரமாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்து உண்ணவேண்டும், விரதம் கெடலாகாது. ஆகவே விரைகின்றனர். நோக்கம் தூயது. ஆனால் இரவில் உண்ணாமை எதற்காக விதிக்கப்பட்டது? இருளில் சிற்றுயிர்கள் உணவிலும் விளக்கிலும் வீழ்ந்து மடியாமல் இருப்பதற்காக. அச்சிற்றுயிர்கள் எழும்பும் அந்தி வேளையிலேயே அவற்றினூடே பாய்ந்து சென்று அவ்விரதத்தைக் காப்போமாயின், விரதத்தின் சொல் நிற்கும், பொருள் போய்விடும்.

கணக்கும் நமக்குத் துணை நிற்கவில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இடையில் எங்கும் நில்லாமல் 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 72 நிமிடம்; 80 கிலோமீட்டர் வேகத்தில் 90 நிமிடம். மிச்சமாவது 18 நிமிடம். சுங்கச்சாவடியும் நகர நெரிசலும் அதிலும் பாதியை விழுங்கக்கூடும். ஒரு சாமாயிகத்திற்கு வகுத்த காலம் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். அதில் பாதியும் தேறாத நேரத்திற்காகவே இவ்வளவு தீயும் காற்றும் உயிரும் செலவாகின்றன. அரைமணி முன்னதாகப் புறப்படலாம். கட்டுச்சோறு எடுத்துச்சென்று, வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மரநிழலில் அமர்ந்து உண்ணலாம். நம் பாட்டிமார் கட்டை வண்டிப் பயணத்தில் அவ்வாறே செய்தனர். அவர்கள் விரதம் கெடவில்லை.

நுகத்தடி அளவு

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. நுகத்தடி அளவு, அதாவது ஏறக்குறைய நான்கு முழ நிலத்தை முன்னே நோக்கி, உயிர்களை விலக்கி அடிவைத்தல் அதன் இலக்கணம். நடப்பவர்க்கு நான்கு முழம் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஆகவே ஓட்டுபவர் தம் நோக்கினை அவ்வேகத்திற்கேற்ப நீட்டவேண்டும். முன்வண்டியின் பின்விளக்கை மட்டும் பார்த்து ஓட்டுபவர் அடிக்கடி பிரேக் பிடிப்பார். அதற்கும் அப்பால் நோக்கி, போதிய இடைவெளி விட்டு ஓட்டுபவர்க்கு அதன் தேவை குறையும். எரிபொருளைக் காக்கும் கலை முழுவதும் இந்த முன்னோக்கில் அடங்கியுள்ளது. அது உயிரைக் காக்கும் கலையாகவும் இருப்பது தற்செயலன்று.

கைக்கொள்ளத்தக்க சில நியமங்களைக் கூறுகிறேன். மெல்லத் தொடங்கி, சீராக வேகமேற்றி, உரிய காலத்தில் மேல் கியருக்கு மாறுக. நிறுத்தவேண்டிய இடம் தெரிந்தவுடன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுக. சிக்னலில் நெடுநேரம் நிற்கவேண்டியிருப்பினும், பள்ளி வாயிலில் பிள்ளைக்காகக் காத்திருப்பினும் எஞ்சினை நிறுத்துக. பத்து நொடிக்கு மேல் நிற்பதாயின், நிறுத்தி மீண்டும் இயக்குவதே எரிபொருள் சிக்கனம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவுரை. சிறிய காரும் நின்றபடியே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கக்கூடும். குளிர்சாதனம் ஓடினால் இன்னும் கூடும். தில்லி அரசு 2020 அக்டோபரில் இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்தியது. டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்க. வேண்டாத சுமையை இறக்கிவிடுக. இவை இருசக்கர வாகனத்திற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு தவறான வழக்கத்தையும் விலக்கவேண்டும். மலைச்சரிவில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று சிலர் வண்டியை நியூட்ரலில் விடுகின்றனர். இக்காலத்து எஞ்சின்களில் கியரில் இருந்தபடியே காலை எடுத்தால், எரிபொருள் உட்செல்வதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சினை அணையாமல் வைத்திருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டிருக்கும். எஞ்சினின் பிடிப்பும் இல்லாமற்போகும். ஆதலின் அது சிக்கனமும் அன்று, பாதுகாப்பும் அன்று.

மின்சார வாகனம் வாங்கிவிட்டோம், இனி இவ்வறிவுரை எமக்கில்லை என்று சிலர் கருதலாம். அவ்வாகனத்தில் புகைக்குழாய் இல்லை என்பதும், பிரேக் பிடிக்கும்போது ஆற்றலில் ஒரு பகுதி மீண்டும் பாட்டரிக்குச் செல்கிறது என்பதும் நன்மைகளே. ஆயினும் காற்றின் தடை அதற்கும் இருமடியாகவே ஏறும், டயரும் தேயும், பூச்சிகளும் அதே கண்ணாடியில்தான் மோதும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

இன்னொரு வினாவும் எழலாம். எரிபொருளைச் சேமிப்பது பணத்தைச் சேமிப்பதுதானே, அதில் அறம் எங்கே? பணம் மிச்சமாவது உண்மை. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பாய்வதைப் போன்றது அது. நாம் நெல்லையே கருதவேண்டும். சம்யமத்தின் பொருட்டு வேகத்தை அடக்குபவர்க்குக் கஷாயம் மெலிகிறது. கஷாயம் மெலிய, வினை வரும் வாயில் அடைபடுகிறது. அதுவே செறிப்பு. எவரும் காணாத சாலையில், தடுப்பார் யாருமில்லாத நேரத்தில், அழுத்தக்கூடிய காலை அழுத்தாமல் வைத்திருப்பது சிறு தவமேயாகும்.

எனவே என் வேண்டுகோள் இது. தசலக்ஷண பர்வத்தின் பத்து நாள்களிலும் ஒவ்வோர் இல்லத்திலும் வாகனம் ஓட்டுபவர் இந்நியமத்தை ஏற்றுக்கொள்ளட்டும்: சட்டம் விதித்த எல்லையைக் கடவேன்; நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடேன்; முந்தியவர் மேல் சினவேன். உடன் செல்வோர் விரையச் சொல்லாதிருத்தலைத் தம் நியமமாகக் கொள்ளட்டும். பத்து நாள் முடிவில் எரிபொருட் கணக்கையும் உள்ளத்தின் கணக்கையும் ஒருங்கே பார்த்து, மேலும் தொடர்வதைத் தாமே முடிவு செய்யட்டும்.

சாமாயிகத்திற்கு முன் ஈர்யாபத சுத்தி செய்வது நம் மரபு. வந்த வழியில் நம்மால் வருந்திய உயிர்களை எண்ணி வருந்தும் வழிபாடு அது. கால்நடையாக வந்தவர்க்கு அமைந்த அவ்வழிபாடு, வாகனத்தில் வந்தவர்க்கு இன்னும் மிகுதியாக உரியது. கோயில் வாயிலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தவுடன் இறங்க விரையாமல், ஒரு நொடி அமர்ந்து, கடந்து வந்த வழியை நினைத்துப் பாருங்கள். தேவைக்காக நேர்ந்த ஊறு எவ்வளவு, விரைவுக்காக நேர்ந்த ஊறு எவ்வளவு என்பது அந்நொடியில் நமக்கே தெரியும். முன்னதற்கு வருந்துவோம். பின்னதைத் திரும்பும் வழியிலேயே விட்டொழிப்போம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! அறம் வளர்க!